அஞ்சு அடி மூணு அங்குலம்

மார்ச் 3

சின்னவளுக்கு,

நான் சொல்லச் சொல்ல என் மக எழுதறா. வலது கையைக் கழுத்தோட சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. விரல் மட்டும் வெளியில தெரியுது, அதுவும் வீங்கிப்போய்.

ஆஸ்பத்திரியில இருந்து நேரா மக வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் ஆச்சு. தோள்பட்டைக்குக் கீழே எலும்பு மூணு இடத்துல விரிசல் விட்டிருக்காம். ஆபரேஷன் வேண்டாம், தானா கூடும்னு டாக்டர் சொல்லிட்டார். கூடினப்புறம் கை எவ்வளவு தூரம் மேல போகும்னு கேட்டேன். அறுபத்தாறு வயசுல அதை இப்பவே சொல்ல முடியாதுன்னுட்டார்.

ஃபோன் பண்ணலாம்னா லாண்டரி மெஷின் பக்கத்துலயே முப்பது வருஷம் நின்ன உன் காதுக்கு ஃபோன் எட்டாது. நான் இங்க கத்தினா பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பார்க்கறாங்க. அதனால கடிதாசிதான்.

பல் டாக்டரோட துண்டுகளைச் செவ்வாய்க்கிழமை தவறாம அனுப்பிடு. அந்த ஆளுக்குக் கோபம் சட்டுனு வரும். லாட்ஜ் ஷீட்டைத் தனியா தூக்காதே, ரெண்டு தடவையா பிரிச்சுத் தூக்கு. லாண்டரி பின்கதவுத் தாழ்ப்பாள் சரியா விழறதில்லை, இழுத்துப் பார்த்துட்டுப் படு.

அக்கா

சித்தி, இது நான் எழுதறது. உங்க ரெண்டு பேரையும் உங்க ஊரே கூடப்பிறந்தவங்கன்னு நினைக்குது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கிட்ட ஓரகத்திங்கன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. அதனால உங்ககிட்ட உரிமையோட கேக்கறேன். அம்மா இனிமே இங்கேயே இருக்கட்டும்னு எங்களுக்கு ஆசை. ஈரத் தரையில வழுக்கி விழற வயசா இது? நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. நீங்களும் அந்தத் தரைக்கு ஒரு மேட் வாங்கிப் போடுங்க.


மார்ச் 9

அக்காவுக்கு,

உங்க மக கையெழுத்து முத்து முத்தா இருக்கு. ஆனா உங்க குரல் அதுல பாதிதான் கேக்குது. தாழ்ப்பாள் மட்டும்தான் உங்க குரல்.

இங்க வேலைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. துவைக்கறதை மெஷின் துவைச்சிடுது, இஸ்திரியை நான் பார்த்துக்கறேன். மடிக்கறதுதான் உயிரை வாங்குது. லாட்ஜ்ல இருந்து வாரத்துக்கு அறுபது ஷீட், எல்லாம் டபுள். நீங்க ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்னு நின்னா அரை நாள்ல முடிஞ்சிடும். இப்ப ஜன்னல் கம்பியில ரெண்டு முனையையும் கட்டிட்டு இந்தப் பக்கம் நான் நிக்கறேன். ஜன்னலும் நல்ல ஜோடிதான், எதுக்கும் குத்தம் சொல்றதில்லை. ஆனா எதிர்ல நடந்து வரமாட்டேங்குது. ஒவ்வொரு மடிப்புக்கும் நானே போய் நானே வரணும். சாயங்காலம் கால் ரெண்டும் கெஞ்சுது.

லாட்ஜ் வாட்ச்மேன் மீசைக்காரர் பாவம் பார்த்து ஒருநாள் உதவிக்கு வந்தார். ஷீட்டைத் தாவாக்கட்டையில இடுக்கிக்கிட்டு, கையை விரிச்சுக்கிட்டு, ஃபோட்டோ எடுக்கப்போற மாதிரி நின்னார். நாலு ஷீட் மடிச்சோம். அந்த நாலையும் மறுபடி துவைக்க வேண்டியதாப்போச்சு, மீசைக்கு ஏதோ எண்ணெய் போடறார்.

ஒண்ணு கேக்கணும். ஆஸ்பத்திரியில இருந்து மக வீட்டுக்குப் போற வண்டி நம்ம தெரு வழியாத்தானே போச்சு? நான் லாண்டரி வாசல்லதான் நின்னுட்டிருந்தேன். உங்க மாத்துத்துணியெல்லாம் இஸ்திரி போட்டுப் பையில எடுத்து வச்சிருந்தேன். வண்டி நிக்கவே இல்லை. நீங்க நேரா பார்த்துக்கிட்டே போனீங்க.

பை இன்னும் உங்க கட்டில் மேலதான் இருக்கு.

மேட் வாங்கிப் போட்டாச்சுன்னு மககிட்ட சொல்லுங்க.

சின்னவ


மார்ச் 24

சின்னவளே,

இது இடது கை எழுத்து. கோழி கிறுக்கினாப்ல இருக்கும், கண்ணைச் சுருக்கிப் படி. மக கடைக்குப் போயிருக்கா. வர முக்கால் மணி நேரம் ஆகும். அவ கையால எழுத முடியாத விஷயம் இது.

வண்டி நின்னிருக்கும். நிறுத்த வேண்டாம்னு சொன்னது நான்தான்.

ஆஸ்பத்திரிக்கு நீ ஒரே ஒரு தடவை வந்தே. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தே. லாட்ஜ் ஷீட்ல இருந்த காப்பிக் கறையைப் பத்தியே பேசினே. எத்தனை தடவை ஊறவச்சே, எந்தத் தூள் போட்டே, எல்லாம் சொன்னே. டாக்டர் வந்து எப்படி விழுந்தீங்கன்னு கேட்டப்ப வழுக்கிட்டேன்னு சொன்னது நான். நீ சுவர்ல இருந்த காலண்டரைப் பார்த்துட்டிருந்தே. அவர் போனப்புறமும் உன் வாயில இருந்து ஒரு வார்த்தை வரலை. மறுபடி காப்பிக் கறைக்கே போயிட்டே.

தரை அன்னிக்குக் காஞ்சுதான் கிடந்துச்சு. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கை வலியைப் பொறுத்துக்கறேன், மாத்திரை இருக்கு. இதைப் பொறுக்க முடியலை.

கேட் சத்தம் கேக்குது.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

உங்க இடது கை கடிதாசி கிடைச்சுது. பதிலை நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழிச்சேன். ஒத்தைக் கையால கவரைப் பிரிக்க முடியாது, மகதான் பிரிச்சுப் படிச்சுக் காட்டுவான்னு எனக்குத் தெரியாதா? அவ படிக்கும்போது நான் என்னத்தை எழுதறது? அதனால வேலையைப் பத்தி எழுதறேன். இதையும் காப்பிக் கறைன்னு சொல்வீங்க. சொல்லிட்டுப் போங்க.

ரெண்டாவது மெஷின் ஆட ஆரம்பிச்சிடுச்சு. அடியில கட்டை வச்சிருக்கேன். பல் டாக்டர் உங்களை விசாரிச்சார். ரெண்டு மாசம் கையைத் தொங்கப் போட்டா தோள் அப்படியே இறுகிடும், சொன்ன பயிற்சியை ஒழுங்கா பண்ணச் சொல்லுங்கன்னார். பல்லுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குத் தெரியலை, இருந்தாலும் சொல்லிட்டேன்.

லாட்ஜ்காரர் வந்திருந்தார். ஜூன் மாசக் கடைசிக்குள்ள ஒரு பதில் வேணுமாம். நாம ரெண்டு பேரும் தொடர்ந்து செய்யறதா இருந்தா சரி, இல்லைன்னா பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல புதுசா வந்திருக்கற பெரிய லாண்டரிக்குக் குடுத்துடுவார். நல்ல மனுஷன், மரியாதையாத்தான் சொன்னார். நான் ஒருத்தியா ஜன்னலை வச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓட்டறது? நீங்க வரலைன்னா மூடிடலாம்னு இருக்கேன். மிரட்டறதா நினைக்காதீங்க. இருக்கறதை எழுதறேன்.

வலி எப்படி இருக்கு?

சின்னவ


ஏப்ரல் 21

சின்னவளே,

எழுத்தைப் பார்த்தாலே தெரியும். வலது கை. முழங்கையை இடுப்போட ஒட்டிக்கிட்டா பேனா பிடிக்க வருது. இனிமே கவரையும் நானே பிரிச்சுப்பேன்னு மககிட்ட சொல்லலாம்னு பார்க்கறேன், ஆனா அவ சத்தமா படிச்சுக் காட்டறது பழகிப்போச்சு. உன் மீசைக்காரர் கதையை மூணு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டா நம்ம பேத்தி.

கட்டைப் பிரிச்சாச்சு. பிரிச்ச அன்னிக்குக் கையைப் பார்த்துப் பயந்துட்டேன். தோல் சுருங்கி, சதை வத்தி, யாரோ ஒருத்தரோட கையை எனக்கு மாட்டிவிட்ட மாதிரி இருந்துச்சு. தூக்குன்னா தூக்கலை. நான் சொல்றது அதுக்குக் கேக்கவே இல்லை, உன் காது மாதிரி.

வாரத்துக்கு ரெண்டு நாள் பிசியோதெரபிக்குப் போறேன். சொல்லிக்குடுக்கற பொண்ணு ரொம்பப் பொறுமைசாலி. குனிஞ்சு கையைத் தொங்கப் போட்டு வட்டம் போடணும். ஒரு துண்டை முதுகுக்குப் பின்னால பிடிச்சு, நல்ல கையால மேல இழுக்கணும். என் வாழ்க்கையில எத்தனை ஆயிரம் துண்டைக் கையாண்டிருப்பேன், ஒரு துண்டு என்னை அழவச்சது இதுதான் முதல் தடவை. அப்புறம் சுவரைப் பார்த்து நின்னு, விரல்களைச் சுவர்ல ஏணி ஏறற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்தணும். எட்டின இடத்துல பென்சிலால கோடு போடறேன். இப்ப கோடு என் கழுத்துக்கு நேரா இருக்கு. மாப்பிள்ளை போன வருஷம்தான் அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடிச்சார். பார்த்தும் பார்க்காத மாதிரி போறார், நல்ல மனசு.

எல்லாரும் நல்ல மனசுதான், அதுதான் கஷ்டம். மக தலை வாரிவிடறா. பட்டன் போட்டுவிடறா. தட்டுல எல்லாத்தையும் சின்னச் சின்னதா நறுக்கி வைக்கறா. நான் டம்ளரை எடுத்தா வீடே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

அதனால ஒரு முடிவு பண்ணியிருக்கேன். பின்ரூம்ல நாம ஷீட்டை மாட்டற கம்பி இருக்கே, அதுல என் வலது கையால ஷீட்டைத் தூக்கிப் போட முடிஞ்சா வருவேன். முடியலைன்னா வரமாட்டேன். உனக்கு எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்து நீ வேலை செய்யறதை வேடிக்கை பார்க்க என்னால ஆகாது. அப்புறம் நீ லாட்ஜ்காரருக்கு என்ன வேணா சொல்லிக்கோ.

அந்தக் கம்பி தரையில இருந்து எவ்வளவு உயரம்னு டேப் வச்சு அளந்து எழுது. இங்க சுவர்ல ஒரு சிவப்புக் கோடு போட்டு வச்சுக்கறேன்.

அக்கா


ஏப்ரல் 29

அக்காவுக்கு,

அளந்துட்டேன். அஞ்சு அடி மூணு அங்குலம்.

வேற விசேஷம் ஒண்ணும் இல்லை. மெதுவா ஏறுங்க, அவசரப்படாதீங்க.

சின்னவ


மே 19

சின்னவளே,

நேத்துக் காலையில சிவப்புக் கோட்டைத் தொட்டுட்டேன். குதிகாலைக் கொஞ்சம் தூக்கினேன், பல்லைக் கடிச்சேன், தொட்டுட்டேன். பேத்தி கை தட்டினா. நான் சுவர்ல நெத்தியைச் சாச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன். கிளம்பிடலாம்னு அன்னிக்கே பையை எடுத்து வெளியில வச்சேன்.

மத்தியானம் படுத்திருக்கும்போது உன் புருஷன் ஞாபகம் வந்துச்சு.

ஆறடிக்கு மேல ஒரு அங்குலம் இருப்பார் மனுஷன். அந்தப் பின்ரூமுக்குள்ள வரும்போதெல்லாம் அந்தக் கம்பியில நெத்தியை இடிச்சுப்பார். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கம்பியை மாட்டின தன் அண்ணனைத் திட்டிக்கிட்டே போவார். நெத்திப் பொட்டு மாதிரி ஒரு வீக்கம் அவருக்கு நிரந்தரமா இருந்துச்சு. சாகிற வரைக்கும் குனியக் கத்துக்கலை.

கம்பி அஞ்சு அடி மூணு அங்குலத்துல இருந்திருந்தா அவருக்குத் தாவாக்கட்டையில இல்ல இடிச்சிருக்கணும்?

நான் அந்தக் கம்பிக்குக் கீழே முப்பது வருஷம் நின்னவ. அது அஞ்சே முக்கால் அடிக்குக் குறையாது. உன் டேப் தப்பா, நீ தப்பா?

பையை உள்ள வச்சுட்டேன். எனக்கு இரக்கம் காட்ட இந்த வீட்டுலயே ஆளுங்க இருக்காங்க. நீயும் சேர்ந்துக்க வேண்டாம்.

அக்கா


மே 26

அக்காவுக்கு,

இந்தக் கடிதாசியை மக படிக்கட்டும். சத்தமாவே படிக்கட்டும். அதுக்காகத்தான் எழுதறேன்.

நான் பொய் சொல்லலை. நான் அளந்தப்ப கம்பி அஞ்சு அடி மூணு அங்குலத்துலதான் இருந்துச்சு. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் அஞ்சு அடி பத்துல இருந்துச்சு. தச்சரைக் கூப்பிட்டு இறக்கச் சொன்னேன். எதுக்கும்மான்னார். எனக்கு வயசாயிடுச்சு, கை எட்டலைன்னேன். உங்களுக்கு இரக்கம் காட்டறதுக்கு இல்லை. நீங்க வரணும், அவ்வளவுதான். நீங்க ஏறுற வேகத்துக்கு லாட்ஜ்காரர் காத்திருக்க மாட்டார். நீங்க ஏறி வர்ற பாதித் தூரத்துக்குக் கம்பி இறங்கி வந்தா என்ன கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். உங்ககிட்ட மறைச்சது தப்பு.

இது சின்னத் தப்பு. பெரியது இனிமேதான்.

மகளே, உன் அம்மா வழுக்கி விழலை. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. யாருக்கும் தெரியாது, எங்க புருஷன்களுக்கே தெரியாது. ஷீட்டை ஆளுக்கு ரெண்டு முனை பிடிச்சு, உதறி, சுருக்கம் போறதுக்காகப் பின்னால சாஞ்சு இழுப்போம். எதிராளி நல்லா சாஞ்சிருக்கற நேரம் பார்த்து ஒருத்தி சட்டுனு கையை விட்டுடுவா. மத்தவ ரெண்டடி தள்ளாடுவா. தள்ளாடினவ அன்னிக்கு டீ போடணும். கல்யாணமாகி வந்த புதுசுல ஆரம்பிச்சது. வயசுப் பொண்ணுங்க மாதிரி சிரிப்போம், அறுபதைத் தாண்டியும்.

அன்னிக்கு விட்டது நான். அக்கா தள்ளாடலை, அப்படியே போய் இஸ்திரி மேஜை விளிம்புல விழுந்தாங்க. சத்தம் கேட்டுச்சு. எனக்குக் கேக்காத காதுல அந்தச் சத்தம் மட்டும் நல்லா கேட்டுச்சு, இப்பவும் கேக்குது.

அக்கா, ஆஸ்பத்திரியில காப்பிக் கறையைப் பத்திப் பேசினேன்னு எழுதினீங்க. வாயைத் திறந்தா அழுதுடுவேன்னு பேசினேன். டாக்டர்கிட்ட நீங்க வழுக்கிட்டேன்னு சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதை நினைச்சாத்தான் என்மேலயே வெறுப்பா வருது. நிம்மதியா இருந்துச்சு அக்கா.

என்னை மன்னிச்சிடுங்க. கம்பியை அதே இடத்துக்கு ஏத்தச் சொல்லி நாளைக்குத் தச்சரைக் கூப்பிடறேன். நீங்க வந்தாலும் வரலைன்னாலும்.

சின்னவ


ஜூன் 8

சின்னவளே,

தச்சரை நிறுத்து. அவர் வந்து ஏத்திட்டுப் போயிருந்தா மறுபடி கூப்பிட்டு இறக்கச் சொல்லு. கம்பி அஞ்சு அடி மூணுலயே இருக்கட்டும். உயரமா இருந்து இடிச்சுக்க இப்ப யார் இருக்காங்க?

உன் கடிதாசியை மக பாதி சத்தமா படிச்சா. மீதியை மனசுக்குள்ள படிச்சுட்டு என் மடியில வச்சுட்டு எழுந்து போயிட்டா. ரெண்டு நாள் பேசலை. உன்மேல கோபமா, பொய் சொன்ன என்மேல கோபமான்னு எனக்குத் தெரியலை, அவளுக்கும் தெரியலைன்னு நினைக்கறேன். மூணாம் நாள் காலையில கொடியில இருந்து எடுத்த ஷீட்டோட என் முன்னால வந்து நின்னா. எப்படி விளையாடுவீங்கன்னு காட்டுன்னா.

ரெண்டு முனையை அவ கையில குடுத்தேன். நான் சாஞ்சு இழுத்தேன். அவ என் கூடவே முன்னால நகர்ந்து வந்துட்டா. இழுடின்னேன். இழுத்தா உனக்கு வலிக்கும்மான்னா. மறுபடி இழுத்தேன், மறுபடி வந்தா. அப்படியே கூடத்தோட அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடி வரைக்கும் ரெண்டு பேரும் நடந்தோம், ஷீட்டு தொளதொளன்னு தரையில புரண்டுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவளுக்கு அழுகை வந்துடுச்சு. பாசத்துக்கு இங்க எனக்கு ஒரு குறையும் இல்லை, எதிர்ல நின்னு இழுக்கத்தான் ஆள் இல்லைன்னு அவகிட்ட சொன்னேன். அவளுக்குப் புரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டது அவதான். பயிற்சியை விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. சுவர்ல இருக்கற கோட்டையெல்லாம் அழிக்க வேண்டாம்னு மாப்பிள்ளை சொல்லிட்டார்.

இப்ப நான் எழுத வேண்டியதுக்கு வரேன். மகளுக்கும் நேத்து இதைச் சொல்லிட்டேன்.

நீ வாய் திறக்கலைன்னுதான் கோபம்னு எழுதினேன். வண்டியை நிறுத்தாம போனதுக்கும் அதைத்தான் காரணம்னு சொல்லிக்கிட்டேன். அது பாதிதான். அன்னிக்குக் காலையில இருந்தே உன்னைத் தள்ளாட வைக்கணும்னு நான் நேரம் பார்த்துக்கிட்டிருந்தேன். முந்தின வாரம் முழுக்க டீ போட்டது நான், உனக்கு ஞாபகம் இருக்கும். நீ நல்லா சாஞ்சே. நான் விரலைத் தளர்த்திட்டேன். விடப்போற நேரத்துல நீ முந்திக்கிட்டே. அரை நொடி நீ தாமதிச்சிருந்தா விட்டது நானா இருந்திருப்பேன். உனக்குப் பின்னால மேஜை இல்லை, தண்ணித் தொட்டி இருந்துச்சு. சிமெண்ட் விளிம்பு. உன் தலை அதுல போய் மோதியிருக்கும்.

படுக்கையில கிடந்த நாளெல்லாம் எனக்குத் தோள் நினைப்பைவிட அந்தத் தொட்டி நினைப்புத்தான். உன் மூஞ்சியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீ மன்னிப்புக் கேக்கணும்னு காத்திருந்தது, அது வந்துட்டா என் பங்கைச் சொல்லாமலே தப்பிச்சுடலாம்னுதான். அதனால நீ என்கிட்ட கேட்டதை நான் உன்கிட்ட கேக்கறேன். மன்னிச்சிடு.

விடற விளையாட்டை இனிமே விளையாட வேண்டாம். நமக்கு வயசாயிடுச்சு, தொட்டியிலயும் மேஜையிலயும் விழுந்தா தாங்காது. ஆனா விளையாட்டுப்படி கடைசியா விழுந்தது நான்தான். வந்ததும் டீ நான் போடறேன். கெட்டிலை வலது கையால தூக்க இன்னும் வராது, இடது கையால ஊத்தறேன். கொஞ்சம் சிந்தும். மேட் போட்டிருக்கியே, பரவாயில்லை.

ஞாயிறு மத்தியானம் ரெண்டு மணிக்கு பஸ் வரும். லாட்ஜ்காரருக்குத் திங்கக்கிழமை பதில் சொல்லிக்கலாம். கை தோளுக்கு மேல ஒண்ணரைச் சாண் போகுது, அதுக்கு மேல போகலை, போகாமலே இருந்துட்டாலும் இருந்துடும். அறுபது ஷீட் முடியாது. முப்பதுல ஆரம்பிக்கலாம், மீதியை ஜன்னலோட நீ மடி.

ஒண்ணே ஒண்ணு. என் தோளை நினைச்சு நீயும் ஷீட்டைத் தொளதொளன்னு பிடிச்சேன்னா அடுத்த பஸ்லயே திரும்பிடுவேன். எதிர்ல நின்னு நல்லா சாஞ்சு இழு. நான் விடமாட்டேன்.

அக்கா